கூப்பிட்டாதான் வரணும்

சந்துக்குள் ஜீப் நுழையாது. நுழைந்தாலும் திரும்பாது. டிரைவர் அண்ணன் சந்து முனையிலேயே, பூட்டிக் கிடந்த ஒரு சலூனுக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டினார். மத்தியானம் சாய்ந்துகொண்டிருந்தது. மழை வருவதும் போவதுமாகப் போக்குக் காட்டியதில் தெருவே புழுங்கிக் கிடந்தது.

"இன்னைக்காவது ஏதாவது சிக்குமா மேடம்?"

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்கண்ணே."

ஆபீஸில் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் அவளுக்குத் தெரியும். வெறுங்கை. 'வெறுங்கை மேடம் ரெய்டு கிளம்பிட்டாங்க, டீயை ஆறாம வைங்க, இப்போ வந்துருவாங்க' என்பார்கள். அவள் தொழிலாளர் துறையில் ஆய்வாளர். சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கும் பட்டறைகளுக்குள் போய் அவர்களை மீட்டு வருவதுதான் அவள் வேலை. இந்த ஷூ பட்டறைக்கே பல தடவை வந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் பலகைகளில் பசை ஈரமாக இருக்கும், பாய்களில் ஆள் உட்கார்ந்த சூடு இருக்கும். பிள்ளை மட்டும் ஒன்றுகூட இருக்காது. மேஸ்திரி பல்லைக் காட்டிக்கொண்டு டீ வேண்டுமா என்று கேட்பான். கண்ணால் பார்க்காத பிள்ளையைப் பற்றி அவள் ஒரு வரி எழுத முடியாது. சட்டம் அப்படி. சோதனைக்கு அனுமதி கேட்டால் அந்தக் கேள்வி மேஜை மேஜையாக உட்கார்ந்து எழுந்து வரும். அதற்குள் பட்டறைக்குத் தகவல் போய்விடும். யார் சொல்கிறார்கள் என்றும் அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன புண்ணியம்?

அதனால் இன்றைக்கு யாரிடமும் மூச்சு விடவில்லை. ஜீப்புக்கு பிரேக் பார்க்கவேண்டும் என்று பொய் சொல்லிவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறாள்.

பின்சீட்டில் ஆஸ்பத்திரி நீலச் சீருடையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வார்டு துடைக்கிற வேலை அவளுக்கு. அவளும் இதே பட்டறையில் வளர்ந்தவள்தான். இங்கே செய்வது குழந்தைகள் போடும் ஷூ. உள்ளே விரலை விட்டுத் துணி ஒட்ட, சின்னக் கைதான் வேண்டும். இவள் கை வளர்ந்துவிட்டது என்று ஒரு நாள் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டார்கள். தள்ளிய கையோடு அவள் வீட்டுக்கு ஆள் அனுப்பி, 'படிக்க வைக்கிறோம்' என்று தங்கச்சியைக் கூட்டி வந்துவிட்டார்கள். அக்காவுக்கு அது தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தங்கச்சிக்கு வீட்டில் 'வாலு' என்று பெயர். அவ்வளவு சேட்டையாம்.

"நீயும் வாம்மா. உன் குரல் கேட்டா வெளிய வருவா."

வார்டுக்காரப் பெண் தலையை ஆட்டினாள். வரமாட்டேன் என்ற ஆட்டல். வற்புறுத்த மனசில்லாமல் ஆய்வாளர் தனியாக இறங்கி நடந்தாள்.

பட்டறை ஒரு பழைய வீடு. ஜன்னல்களுக்குத் தகரம் அடித்திருந்தார்கள். வாசலை நெருங்கும்போதே அவளுக்குக் கேட்டது. டொக், டொக், டொக். சின்னச் சுத்தியல்கள். கனமில்லாத கைகள் அடிக்கிற சத்தம், ஒன்றோடு ஒன்று சேராமல், மழை தூறுகிற மாதிரி.

இன்றைக்குத் தகவல் போகவில்லை! உள்ளே இருக்கிறார்கள்!

கதவில் கை வைத்தாள்.

சத்தம் நின்றது.

எல்லாச் சுத்தியலும், ஒரே நொடியில்.

கதவைத் திறந்தவன் மேஸ்திரி. எப்போதும் எண்ணெய் தடவிப் படிய வாரியிருக்கும் ஆள், இன்று தலை கலைந்து, கண்ணெல்லாம் சிவந்து நின்றான். டீ வேண்டுமா என்று கேட்கவில்லை.

"இங்க யாரும் இல்ல மேடம். முதலாளி இடத்தைக் காலி பண்ணிட்டாரு. சாமானெல்லாம் நேத்தே லாரில போயிடுச்சு. நல்லா பாத்துக்கோங்க."

"இப்போ சுத்தியல் சத்தம் கேட்டுச்சே."

"எலி மேடம்."

"எலி ஆணி அடிக்குதா? கூலி குடுக்கறீங்களா அதுக்காவது?"

அவன் சிரிக்கவில்லை. வழியை விட்டு ஒதுங்கினான்.

உள்ளே பகலிலேயே இருட்டு. பசையின் நெடி மூக்கில் ஏறி நெற்றிப்பொட்டைக் குத்தியது. அதற்கடியில் பதப்படுத்திய தோலின் வாடை, அதற்கும் அடியில் அடைத்துவைத்த ஈரத்தின் வாடை. செல்போன் வெளிச்சத்தில் பார்த்தாள். தையல் மெஷின்கள் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை. வரிசையாகக் குட்டைப் பலகைகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கிழிந்த பாய். ஒரு சுவர் முழுக்க இரும்பு அலமாரி. அதில் மரத்தில் செதுக்கிய பாத அச்சுகள், எல்லாம் குழந்தைப் பாதங்கள், இடதும் வலதுமாக. சுத்தியல் ஒன்றுகூட இல்லை. ஆணி ஒன்றுகூட இல்லை. மேஸ்திரி சொன்னது நிஜம்தான், மெஷினும் கருவிகளும் லாரியில் போயிருந்தன.

அப்படியானால் அடித்தது எதை வைத்து?

உள்ளறைத் தரையின் நடுவில் மட்டும் சிமெண்ட் வேறு நிறமாக இருந்தது. அந்த இடத்தில் பாய் போடவில்லை. பலகைகளும் அதைச் சுற்றிக்கொண்டு விலகி நின்றன. அலமாரிக்குக் கீழே ஒரு தட்டில் ரொட்டியும், ஒரு டம்ளரில் தண்ணீரும் வைத்திருந்தது. ரொட்டி காய்ந்து விரைத்திருந்தது.

"இது யாருக்கு?"

"நாய்க்கு."

"நாய் எங்க?"

அவன் தட்டைக் காலால் அலமாரிக்கடியில் தள்ளினான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பலகைகளைத் தூக்கிப் போட்டுப் பார்த்தாள். கழிவறையைத் திறந்தாள். பரணில் ஏறி ஒட்டடையோடு இறங்கினாள். ஒன்றும் இல்லை. மறுபடியும் அதே கதை. விருட்டென்று வெளியே வந்து சந்தில் நின்று, காவல் நிலையத்துக்குப் போன் போட்டாள்.

"பிள்ளையைக் கண்ணால பாத்தீங்களா மேடம்?"

"சத்தம் கேட்டேன்."

"சத்தத்தை எப்படி மேடம் கூட்டிட்டு வர்றது? அனுமதி வாங்கிட்டீங்களா?"

போனைச் சுவரில் அடிக்காமல் பைக்குள் போட, அவள் பல்லைக் கடிக்கவேண்டியிருந்தது.

அப்போது மறுபடி கேட்டது.

டொக். டொக், டொக்.

ஓடி உள்ளே போனாள். நின்றது. வெளியே வந்தாள். தயங்கித் தயங்கி, ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு எல்லாம் தொடங்கின. உள்ளே காலை வைத்தாள். நின்றது.

அவள் வந்தால் நிற்கிறது. அவள் போனால் தொடங்குகிறது.

இத்தனை வருஷமாக முதலாளிகளும் மேலதிகாரிகளும் அவளுக்குத் தண்ணி காட்டியிருக்கிறார்கள். வெறும் அறை தண்ணி காட்டுவது இதுதான் முதல் தடவை. பயப்படவேண்டிய நேரத்தில் அவளுக்கு அழுகைதான் வந்தது. ஆத்திரத்தில் வருகிற அழுகை.

மேஸ்திரியின் சட்டையைப் பிடித்தாள். "யாருக்குடா அந்த ரொட்டி?"

அவன் உதறிக்கொள்ளக்கூட இல்லை.

"ஒரே ஒரு புள்ள மேடம். சின்னது. நேத்து லாரில ஏத்தற நேரம் பார்த்து யாரோ கதவைத் தட்டினான். கரண்ட் மீட்டர் பாக்கறவன்தான். அதுக்குள்ள எல்லாம் ஒளிஞ்சிருச்சுங்க. மத்ததையெல்லாம் தேடிப் பிடிச்சு ஏத்திட்டோம். இது எந்தப் பொந்துல பூந்துச்சோ தெரியல. ராத்திரியெல்லாம் தேடறேன். எனக்குத் தெரியாத பொந்து."

"கூப்பிட வேண்டியதுதானே?"

அவன் அந்த வேறு நிறச் சிமெண்ட்டைப் பார்த்தான். பார்த்துவிட்டு உடனே கண்ணை எடுத்துக்கொண்டான்.

"இங்க கூப்பிடறதில்ல மேடம்."

"கூப்பிடுடா."

"என்னை ஜெயில்ல வேணா போடுங்க. கூப்பிடச் சொல்லாதீங்க."

சட்டையை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினான். துரத்திப் பிடிக்கலாம். பிடித்தால் ஒரு கேஸ். ஆனால் நேற்றிலிருந்து தண்ணீர் இல்லாமல் ஒரு குழந்தை ஏதோ ஒரு பொந்துக்குள் இருக்கிறது. அவள் நேரே ஜீப்புக்கு ஓடினாள்.

"அண்ணே, அவன் அந்தப் பக்கம் ஓடறான், பாருங்க!" டிரைவர் கிளம்பியதும் பின்கதவைத் திறந்தாள். "ஏம்மா, உன் தங்கச்சி உள்ளதான் இருக்கா. ஏன் வெளிய வரமாட்டேங்கறா?"

வார்டுக்காரப் பெண் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். குரல் வெறும் காற்றாக வந்தது.

"கூப்பிட்டாதான் வரணும் மேடம். அதுதான் முதல்ல சொல்லித் தருவாங்க. ஆபீசரம்மா வந்தா பிடிச்சிட்டுப் போய் இருட்டு ரூம்ல பூட்டிருவாங்க, அம்மா அப்பாவைப் பாக்கவே முடியாதுன்னு சொல்வாங்க. அதனால ஆள் வந்தா ஒளிஞ்சுக்கணும். தும்மக்கூடாது. அழக்கூடாது. மேஸ்திரி வந்து கையைத் தட்டிக் கூப்பிட்டாதான் வரணும். முன்னாடியே வந்தா சூடு."

"அப்புறம் ஏன் அவன் கூப்பிட மாட்டேங்கறான்?"

"ஒரு தடவை கூப்பிட மறந்துட்டாங்க."

எங்கோ தூரத்தில் இடி உருண்டது.

"அப்போ ஒளியற இடம் தரைக்கு அடியில. பழைய தண்ணித் தொட்டி. உள்ள இறங்கினதும் மேல கல்லைப் போட்டு, தோல் மூட்டையை ஏத்தி வச்சுருவாங்க. அன்னைக்கு யாரோ ஆபீசர் வந்தாரு. முதலாளியும் மேஸ்திரியும் அவரைக் கவனிக்கக் கூட்டிட்டுப் போனாங்க, குடிச்சாங்க, அங்கேயே படுத்துட்டாங்க. எனக்குக் காய்ச்சல், பின்பக்க ஷெட்ல சுயநினைவு இல்லாம கிடந்தேன். அதனாலதான் நான் இருக்கேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உள்ள இருந்து ஒரு சத்தம்கூட வரல மேடம். தட்டியிருந்தா தெருவுக்கே கேட்டிருக்கும். ஒருத்தரும் தட்டல. அவ்வளவு நல்லாப் பழகியிருந்தோம்."

ஆய்வாளர் ஜீப்பின் கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம் சிமெண்ட் போட்டுட்டு, புதுப் புள்ளைங்களைக் கொண்டு வந்தாங்க. அதுக்கப்புறம் ஒரே ஒரு தடவை மேஸ்திரி வழக்கம்போலக் கையைத் தட்டிக் கூப்பிட்டாரு. இருந்த புள்ளைங்களை விட, கூப்பிட்டதுக்கு வந்து உக்காந்தவங்க அதிகமா இருந்தாங்க. அன்னைலருந்து கூப்பிடறதே இல்ல. ஒவ்வொருத்தரையா கையைப் பிடிச்சு இழுத்துட்டு வருவாரு."

"என்னன்னு கூப்பிடணும்?"

அந்தப் பெண் சொன்னாள். உதடு அசைந்ததே தவிரச் சத்தம் வரவில்லை. ஆய்வாளர் காதை அவள் வாயருகே கொண்டுபோகவேண்டியிருந்தது.

மறுபடி பட்டறைக்குள் அவள் நுழைந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கதவைச் சாத்தவில்லை. இருந்தும் வெளிச்சம் உள்ளே வரத் தயங்கியது.

முதலில் தன் பாணியிலேயே முயன்று பார்த்தாள். "வாலு! உங்க அக்கா வந்திருக்காடா கண்ணு. வெளிய வா."

தகரத்தில் மழை விழும் சத்தம் மட்டும்.

"நான் உன்னை ஒண்ணும் செய்ய மாட்டேன். உங்களையெல்லாம் காப்பாத்தத்தான் வந்திருக்கேன்."

ஷ்ஷ்ஷ்.

அவள் உறைந்து நின்றாள்.

யாரோ யாரையோ அடக்குகிற சத்தம். அலமாரிப் பக்கமிருந்து. பிறகு பலகைகளுக்கு அடியிலிருந்து. பிறகு அவள் காலுக்குக் கீழே, சிமெண்ட்டுக்கு அடியிலிருந்து, பல வாய்கள் சேர்ந்து.

ஷ்ஷ்ஷ்.

அவளிடமிருந்துதான் ஒளிகிறார்கள்! செத்தும் அவளுக்குத்தான் பயப்படுகிறார்கள். சூடு வைத்தவனுக்கு இல்லை, தொட்டியில் போட்டு மூடியவனுக்கு இல்லை. அவளுக்கு. உயிரோடு இருக்கிற ஒன்றையும் நடுவில் வைத்து, சத்தம் போடாதே, பிடித்துக்கொண்டு போய்விடுவாள் என்று பொத்திப் பாதுகாக்கிறார்கள். யாரைத் திட்டுவது? எங்கே போய் முட்டிக்கொள்வது? இத்தனை வருஷம் அவள் ஏறி இறங்கிய படிகளெல்லாம், கெஞ்சிய கெஞ்சலெல்லாம் இதற்குத்தானா?

"முட்டாப் பசங்களா!" என்று கத்தினாள். "நான் உங்க பக்கம்!"

ஷ்ஷ்ஷ், என்றது அறை, இன்னும் பதறிப்போய்.

அலமாரிக்குப் பின்னால், சுவருக்குள், ஒரு குட்டி இருமல். அடக்கிய இருமல். காய்ந்த தொண்டை.

இனி வேறு வழி இல்லை. அவள் உள்ளறையின் நடுவுக்குப் போனாள். கையை உயர்த்தித் தட்டினாள். மேஸ்திரியின் கறாரைக் குரலில் வரவழைத்துக்கொண்டு, தன்னைப் பற்றித் தானே சொன்னாள்:

"போயிட்டாங்க. உக்காருங்க."

மழைச் சத்தம் தூரமாகப் போனது.

தரைக்கடியில் ஏதோ நகர்ந்தது. ஈரத்தின் வாடை குப்பென்று எழுந்தது. அவளைக் கடந்து, இரு பக்கமும், வெறுங்கால்கள் நடக்கிற மெத்மெத்தென்ற சத்தம். ஒருவரும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஏதோ ஒன்று முழங்கைக்குக் கீழே அவளை உரசிக்கொண்டு போனது. மரியாதையாக, இடிக்காமல், வேலைக்கு நேரமாகிவிட்ட அவசரத்தோடு.

பாய்கள் ஒவ்வொன்றாக அமுங்கின.

அலமாரியின் கீழ்த்தட்டில் பாத அச்சுகள் சரிந்தன. பின்னால் சுவரில் நாலைந்து செங்கல் பெயர்ந்த ஒரு பொந்து. அதிலிருந்து முதலில் ஒரு கை, பிறகு தலை, பிறகு சுண்ணாம்பு அப்பிய ஒரு சின்ன உடம்பு வெளியே வந்தது. அது யாரையும் பார்க்கவில்லை. தள்ளாடி நடந்து, காலியாக இருந்த ஒரே பாயில் உட்கார்ந்தது. இல்லாத ஷூவை மடியில் வைத்து, இல்லாத சுத்தியலை எடுத்தது.

ஆய்வாளர் பாய்ந்து அதை வாரி எடுத்தாள். சூடு இருந்தது. மூச்சு இருந்தது. தோளில் போட்டுக்கொண்டாள்.

"மேஸ்திரி திட்டுவாரு," என்றது குழந்தை.

"திட்ட மாட்டாரு. போயிட்டாரு. நாம வீட்டுக்குப் போலாம்."

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். பாய்கள் அமுங்கியபடியே இருந்தன. அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அப்படியே விட்டுப் போக மனம் வரவில்லை.

"நீங்களும் போங்கடா," என்றாள். "வீட்டுக்குப் போங்க. அவ்வளவுதான், முடிஞ்சுது."

ஒரு பாயும் எழவில்லை. ஒளிவதற்கு ஒரு சொல் தெரியும் அவர்களுக்கு, உட்காருவதற்கு ஒரு சொல் தெரியும். போவதற்கு யாரும் எந்தச் சொல்லும் சொல்லித் தந்திருக்கவில்லை.

ஜீப்பில் அக்கா தங்கச்சியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். டம்ளர் டம்ளராகத் தண்ணீர் கொடுக்கவேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு என்று ஆய்வாளர் சொல்லிக்கொண்டே காவல் நிலையத்துக்கு மறுபடி போன் செய்தாள். ஒரு குழந்தை கிடைத்துவிட்டது, தரையைத் தோண்டவேண்டும் என்றாள். தோண்டுவதற்குத் தனி உத்தரவு வேண்டும், நாளைக்கும் மறுநாளும் லீவு, அதற்கப்புறம் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். மேஸ்திரி மார்க்கெட் கூட்டத்தில் புகுந்து மறைந்துவிட்டான் என்று டிரைவர் அண்ணன் மூச்சு வாங்க வந்து சொன்னார். முதலாளி இந்நேரம் வேறு ஊரில் மெஷின்களை இறக்கிக்கொண்டிருப்பான். லாரியில் போன பிள்ளைகள் அங்கேயும் ஒளியக் கற்றுக்கொண்டிருப்பார்கள். அவள் நெற்றியை டாஷ்போர்டில் சாய்த்துக்கொண்டாள்.

"விடுங்க மேடம். இன்னைக்கு ஒண்ணு கையோட வந்துருச்சுல்ல. இனிமே யாரு வெறுங்கைங்கறது?" என்றார் அண்ணன்.

வண்டியைக் கிளப்பப் போனவர் நின்றார். ஜீப்பின் பின்பக்கம் மெல்ல ஒரு தடவை அமுங்கியது. கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. பிறகு இன்னொன்று.

"காத்து இறங்குதா என்ன?" இறங்கிப் போய் டயரை உதைத்துப் பார்த்துவிட்டு வந்தார். "நல்லாத்தானே இருக்கு."

பின்சீட்டில் குழந்தை அக்காவின் மடியை ஒட்டிச் சுருண்டது.

"தள்ளி உக்காருக்கா. இடம் பத்தல."

"யாருக்குடி?"

குழந்தை ஆய்வாளரைப் பார்த்தது. பயமெல்லாம் இல்லை, களைப்புதான் இருந்தது அந்தக் கண்ணில்.

"இவங்கதான கூப்பிட்டாங்க. அதான் அவங்க எல்லாரும் வந்துட்டாங்க. என்ன வேலைன்னு கேக்கறாங்க."

ஆய்வாளர் திரும்பிப் பார்த்தாள். மழைத் துளி வழியும் கண்ணாடியும், காலி சீட்டும். சீட்டின் ரெக்சின் விளிம்பு நெடுகக் குழிந்திருந்தது.

"வேலை இல்லைன்னு சொல்லும்மா," என்றாள். "இனிமே எப்பவும் வேலை இல்ல. தூங்கலாம், விளையாடலாம், எங்க வேணா போலாம். நான் சொன்னேன்னு சொல்லு."

குழந்தை சீட்டுப் பக்கம் திரும்பி, அதையே கிசுகிசுவென்று சொன்னது. காது கொடுத்துக் கேட்டது. பிறகு தலையை ஆட்டியது.

"நம்ப மாட்டேங்கறாங்க."